லினோ அச்சு: இணைய வகுப்பில் கற்று வீட்டு மேசையில் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு பருவம் பழகிவிட்டு, அப்புறம் அப்படியே விட்டுப்போகிற கலைகளில், லினோலியம் தகட்டில் படத்தை வெட்டி, மை உருட்டித் தாளில் எடுக்கும் லினோ அச்சும் ஒன்று. எனக்கும் அப்படித்தான் ஆனது. இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்த பிறகுதான் மறுபடி உளியைக் கையில் எடுத்தேன். கைவேலையைத் திரையைப் பார்த்துக் கற்க முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். லினோவைப் பொறுத்தவரை முடியும். ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று எட்டிப் பார்ப்பதைவிட, ஆசிரியரின் கைக்கு நேர் மேலே நிற்கும் கேமரா தெளிவாகவே காட்டுகிறது. புரியாத இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கலாம். திரையால் தர முடியாதது ஒன்றுதான்: மையின் பதம். அதைக் கையும் காதும்தான் கற்றாக வேண்டும். அதனால்தான் இங்கே மைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் கையில் எடுக்கப்போகும் பொருளைப் பற்றிக் கொஞ்சம். லினோலியம் 1860களில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் உருவாக்கிய தரைவிரிப்பு. ஆளி விதை எண்ணெயைக் காற்றுப்பட வைத்துக் கெட்டியாக்கி, தக்கைத் தூளும் பிசினும் கலந்து, சணல் துணிமேல் அழுத்திச் செய்தார்கள். மரத்தில் இருப்பதுபோல இதில் இழையோட்டம் கிடையாது. உளி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி ஓடும். இந்தக் குணத்துக்காகத்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓவியர்கள் இதைத் தரையிலிருந்து மேசைக்கு எடுத்துவந்தார்கள். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் குழந்தைகளுக்கு லினோ வெட்டச் சொல்லிக்கொடுத்தார். லண்டன் குரோவ்னர் கலைப் பள்ளியில் கிளாட் ஃபிளைட் 1920களின் பிற்பாதியில் பல வண்ண லினோவை ஒரு இயக்கமாகவே ஆக்கினார்.

நம் நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1930-இல் தண்டி யாத்திரையை ஒட்டிச் செய்த ‘பாபுஜி’. கறுப்புப் பரப்பிலிருந்து வெள்ளையில் எழுந்து, தடியூன்றி நடக்கும் காந்தி. வகுப்பு தொடங்குவதற்கு முன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள். எது வெட்டி எடுக்கப்பட்டது, எது விட்டுவைக்கப்பட்டது என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டே வாருங்கள். லினோவின் இலக்கணம் முழுக்க அதில் இருக்கிறது: வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. பிறகு இன்னொரு வங்காள ஓவியரான சித்தபிரசாத்தின் லினோக்களையும் தேடிப் பாருங்கள். உழைப்பாளிகளையும் குழந்தைகளையும் அவ்வளவு கனத்தோடும் கனிவோடும் வெட்டியவர்கள் குறைவு.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

நேரடி வகுப்பு, பதிவு செய்யப்பட்ட வகுப்பு என்று இரண்டு வகை உண்டு. தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு நேரடி வகுப்புதான். உங்கள் அச்சைப் பார்த்து “மை கூடிப்போச்சு” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆனால் அந்த வகுப்பின் பதிவும் பிறகு பார்க்கக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். கிடைக்காது என்றால் பாதிப் பயன் போயிற்று.

மாதிரி வீடியோ இருந்தால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மேலிருந்து பார்க்கும் கேமராவோடு, பக்கவாட்டில் ஒரு கேமராவும் இருக்க வேண்டும். உளி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது, பக்கவாட்டில்தான் தெரியும். மை உருட்டும் ரோலர் ஓடும் ஒலி கேட்கும்படி மைக் இருக்கிறதா என்பது இரண்டாவது. மை உருட்டும்போது பின்னணி இசை போடுகிற வகுப்பு வேண்டவே வேண்டாம்.

பிரிட்டனில் நடக்கும் வகுப்புகளில் சேர்கிறவர்கள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் காலை 10 மணி என்றால் இந்தியாவில் குளிர்காலத்தில் பிற்பகல் 3.30, கோடையில் 2.30. பொருள் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். லினோவும் உளியும் எல்லா ஸ்டேஷனரி கடையிலும் கிடைப்பதில்லை. ஆர்டர் போட்டு வந்து சேர நாளாகும்.

மேசையில் என்ன வேண்டும்

லினோ தகடு: பின்பக்கம் சணல் துணி ஒட்டிய, சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள சாம்பல் அல்லது பழுப்பு லினோ வாங்குங்கள். தரைக்கு ஒட்டும் வினைல் ஷீட் வேறு, இது வேறு. ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு தகடும் விற்கிறார்கள். வெட்ட எளிது என்பதால் குழந்தைகளுக்கு நல்லது. ஆனால் மெல்லிய கோடு அதில் கூர்மையாக நிற்காது. உளி வழுக்கிக்கொண்டு போவதால் கைக்குத் தவறான பழக்கமும் வந்துவிடும். முதல் நாளிலிருந்தே நிஜ லினோவில் பழகுவது நல்லது. 10-க்கு 15 சென்டிமீட்டர் போதும். பெரிய தகட்டில் தொடங்கினால் வெட்டி முடிப்பதற்குள் ஆர்வம் தேய்ந்துவிடும்.

உளி: ஒரே கைப்பிடியில் மாற்றி மாற்றிச் செருகும் அலகுகள் கொண்ட செட் விலை குறைவு. ஸ்பீட்பால் நிறுவனத்தின் செட் போன்றவற்றில் அலகுகள் கைப்பிடிக்குள்ளேயே அடங்கிவிடும். தொடங்க அது போதும். பழக்கம் வந்ததும் ஃபைல் என்ற ஸ்விஸ் நிறுவனத்தின் உளிகளில் ஒன்றிரண்டு வாங்கலாம். உண்மையில் தேவைப்படுவது மூன்றே: மெல்லிய வி வடிவ உளி, சின்ன யு வடிவ உளி, பரப்பைச் சுரண்டி எடுக்க அகலமான யு உளி.

தடுப்புப் பலகை: இதைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். ஒரு பிளைவுட் துண்டின் ஒரு ஓரத்தில் மேலே ஒரு மரச்சட்டம், எதிர் ஓரத்தில் கீழே ஒரு மரச்சட்டம். கீழ்ச்சட்டம் மேசை விளிம்பில் மாட்டி நிற்கும், மேல்சட்டத்தில் லினோ முட்டி நிற்கும். தகடு நகராவிட்டால் அதைப் பிடிக்க உளிக்கு முன்னால் கையை வைக்கத் தேவையே வராது. தச்சரிடம் சொன்னால் மிச்சப் பலகையிலேயே அடித்துக் கொடுத்துவிடுவார்.

மற்றவை எளியவை. 7 முதல் 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ரப்பர் ரோலர். மை உருட்ட ஒரு கண்ணாடி. பழைய போட்டோ ஃபிரேம் கண்ணாடியே போதும், ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். மர அகப்பை ஒன்று, பட்டர் பேப்பர் கொஞ்சம்.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. கையால் தேய்த்து எடுக்கும் அச்சுக்கு மெல்லிய, வழவழப்பான தாள்தான் சரி. நேபாளத் தாள், ஜப்பானிய வகை மெல்லிய தாள்கள் அருமையாக மையை வாங்கும். புதுச்சேரி ஆசிரமத்தில் செய்யும் கைவினைத் தாள்கள் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் கனமும் சொரசொரப்பும் உள்ள வகைகளுக்குக் கை அழுத்தம் பற்றாது, இயந்திரம் வேண்டும்.

படத்தைத் தகட்டில் ஏற்றுவது

அச்சில் எல்லாம் இடவலம் மாறி விழும். இதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ட்ரேசிங் தாளில் 4பி பென்சிலால் படத்தை வரையுங்கள். அதைக் குப்புறக் கவிழ்த்து லினோவில் வைத்து, பின்னால் கரண்டியால் தேயுங்கள். படம் தானாகவே மாறித் தகட்டில் பதிந்துவிடும். அழியாமல் இருக்க பெர்மனன்ட் மார்க்கரால் அதன்மேல் ஒருமுறை வரைந்துகொள்ளுங்கள். அதற்கு முன்பே தகட்டின் முகத்தில் நீர்த்த சிவப்பு மையைப் பூசிக் காயவிட்டால், வெட்டிய இடம் பளிச்சென்று தெரியும்.

நேரடி வகுப்பில் இன்னொரு வசதி உண்டு. ஜூமில் நம் முகம் நமக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியே காட்டப்படும். வெட்டிய தகட்டைக் கேமரா முன் நீட்டினால், அச்சு எப்படி விழும் என்பது உங்கள் திரையில் அப்படியே தெரியும். போனின் செல்ஃபி கேமராவும் இதையே செய்யும்.

தமிழ் எழுத்தை வெட்டப் போகிறீர்களா? கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு தகட்டில் வலப்பக்கம் வந்தாக வேண்டும். ண, ன, ழ போன்றவற்றின் சுழிகளில் உள்ளே அடைபடும் வெற்றிடங்கள் மிகச் சிறியவை. எழுத்து 2 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தால் அவை மையில் அடைத்துக்கொள்ளும். அதனால் முதல் முயற்சிக்கு, கறுப்பில் வெள்ளை எழுத்து வருவதுபோல எழுத்தையே வெட்டி எடுங்கள். புள்ளி வைப்பது அப்போது பேரின்பம். சின்ன யு உளியைக் கொஞ்சம் நிமிர்த்திக் குத்தி, உளியை அசைக்காமல் தகட்டை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றினால் அச்சு வார்த்தாற்போல் ஒரு வட்டம் கழன்று வரும். கறுப்பு எழுத்து வேண்டுமென்றால் அந்தப் புள்ளி தனியாக நிற்கும் ஒரு சின்ன மேடாகிவிடும், தேய்க்கும்போதே உதிரலாம்.

வெட்டுவது

படத்தில் கைவைக்கும் முன் ஒரு துண்டு லினோவில் கோடு மட்டும் போடுங்கள். நேர்கோடு, வளைவு, மெல்லியதில் தொடங்கிப் பருத்து முடியும் கோடு, புள்ளிகள். ஆசிரியர் சொல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். வகுப்பில் ஆசிரியர் வெட்டும்போது கூடவே வெட்டாதீர்கள். அவர் கையை முழுசாகப் பார்த்து முடித்துவிட்டு, அப்புறம் உங்கள் உளியை எடுங்கள். திரையையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெட்டினால் விரல்தான் வெட்டுப்படும்.

லினோ விறைப்பாக இருந்தால் சூடு காட்ட வேண்டும். கோடையில் ஜன்னலோரம் வெயிலில் சற்று நேரம் வைத்தாலே இளகிவிடும். மழைக்காலத்திலும் ஏ.சி. அறையிலும் ஹேர் ட்ரையரோ வெந்நீர்ப் பையோ உதவும். இளகிய லினோவில் உளி முறுமுறுவென்று உடைக்காமல் வழவழவென்று சீவிக்கொண்டு போகும். சீவல் நீளமாகச் சுருண்டு வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

உளியின் கைப்பிடி உள்ளங்கையில் அடங்க, ஆள்காட்டி விரல் அலகின் மேல் இருக்கட்டும். சாய்வு தாழ்வாக, ஏறத்தாழ 30 பாகைக்குள். ஆழம் ஒரு மில்லிமீட்டர், கூடினால் ஒன்றரை. சணல் நூல் தெரிந்தால் அளவுக்கு மீறிப் போய்விட்டீர்கள். வளைவு வரும்போது உளியைத் திருப்பாமல், மறுகையால் தகட்டைத் திருப்புங்கள். மறுகை எப்போதும் உளிக்குப் பின்னால்தான். இந்த விதிக்கு விலக்கே கிடையாது.

முதலில் வி உளியால் உருவத்தின் ஓரங்களை வெட்டுங்கள். பிறகு அகல உளியால் வெள்ளையாக வேண்டிய பரப்பை எடுங்கள். அப்படி எடுக்கும்போது உளி போன தடங்களுக்கு நடுவே சின்னச் சின்ன மேடுகள் மிஞ்சும். அவையும் மை வாங்கி அச்சில் கீற்றுகளாக விழும். சிலர் அதை அழுக்கு என்று ஒவ்வொன்றாகச் சுரண்டுவார்கள். நான் விட்டுவிடச் சொல்வேன். கையால் வெட்டியது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் அந்தக் கீற்றுகள் ஒரு ஒழுங்கில் ஓட வேண்டும். வானம் என்றால் கிடையாக, மரத்தைச் சுற்றி என்றால் மரத்தின் வளைவை ஒட்டி. எந்தத் திசையில் வெட்டுகிறோம் என்பதும் வரைவதுதான்.

உளி மழுங்குவது தெரியாமலே நடக்கும். கை அதிகம் தள்ளுகிறது, ஓரம் கிழிந்து வருகிறது என்றால் உளி மழுங்கிவிட்டது. மழுங்கிய உளிதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில் பாலிஷ் பேஸ்ட் தடவி, உளியைப் பின்னோக்கி மட்டும் பத்துப் பதினைந்து முறை இழுங்கள். அரைமணிக்கு ஒருமுறை இதைச் செய்தால் சாணை பிடிக்கும் தேவை வெகு நாளைக்கு வராது.

மை

இங்கேதான் நிறையப் பேர் மனம் விட்டுப்போகிறார்கள். அழகாக வெட்டிய தகடு, திட்டுத் திட்டாக விழும் அச்சு. குற்றம் பெரும்பாலும் வெட்டில் இருக்காது.

தண்ணீர் மை, எண்ணெய் மை என இரண்டு உண்டு. தண்ணீர் மை கழுவ எளிது, சீக்கிரம் காயும். ஆனால் சென்னை, மதுரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே அது கண்ணாடியிலேயே காய்ந்துவிடும். தாளை வைப்பதற்குள் தகட்டில் பாதி காய்ந்து, அச்சு வெளிறிப் போகும். ஆகவே தண்ணீர் மை என்றால் விசிறியை நிறுத்துங்கள், காலையிலோ மாலையிலோ வேலை செய்யுங்கள். முடிந்தால் எண்ணெய் மைக்கு மாறுங்கள் என்பேன். கறுப்பு ஆழமாக விழும், அவசரம் இருக்காது. எண்ணெய் மையாகவே இருந்து சோப்புத் தண்ணீரில் கழுவப்படும் காலிகோ சேஃப் வாஷ் போன்றவையும் இருக்கின்றன. அச்சகங்களில் பயன்படும் ஆஃப்செட் கறுப்பு மையும் லினோவுக்குப் பிரமாதமாக வேலை செய்யும். தெரிந்த அச்சகம் இருந்தால் ஒரு சின்ன டப்பா கேட்டு வாங்கலாம்.

கண்ணாடியின் மேல் ஓரத்தில் கொஞ்சம் மையை ஒரு கோடாக இழுத்து வையுங்கள். அதில் ரோலரை லேசாகத் தொட்டு, கீழே இழுத்து உருட்டுங்கள். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் ரோலரைத் தூக்க வேண்டும். தூக்கினால்தான் அது சுழன்று வேறு பக்கத்தில் மை வாங்கும். தூக்காமல் முன்னும் பின்னும் தேய்த்தால் ஒரே பட்டையில்தான் மை ஏறும். மேலும் கீழும், பிறகு குறுக்கே, இப்படியே கொஞ்ச நேரம்.

இப்போது காதைக் கொடுங்கள். தொடக்கத்தில் ரோலர் ‘சதக் சதக்’ என்று ஈரமாக ஒட்டிப் பிரியும். மை அதிகம் என்று பொருள். உருட்ட உருட்ட ஒலி மெலிந்து, ஒரே சீரான ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஆகும். அதுதான் பதம். ஒலியே இல்லாமல் ரோலர் வழுக்கினால் மை போதவில்லை. கண்ணாலும் சரிபார்க்கலாம்: பதமான மைப்பரப்பு நுணுக்கமான மணல் மணலாகத் தெரியும். ஆரஞ்சுத் தோல் போலக் குழி குழியாகத் தெரிந்தால் கூடிவிட்டது, ஒரு பகுதியைச் சுரண்டி ஓரத்தில் ஒதுக்குங்கள். வகுப்பின் பதிவில் ஆசிரியர் மை உருட்டும் இடத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் ரோலரில் அதே ஒலி வரும்வரை உருட்டுங்கள்.

தகட்டில் ஏற்றும்போதும் ஒரே பூச்சாகக் கனமாகப் போடாமல், மெல்லிய பூச்சாகப் பலமுறை. ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குப் போய் மை எடுத்து வந்து, வேறு வேறு திசையில் உருட்டுங்கள். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் மங்கலான இடம் தெரிந்துவிடும். முதல் இரண்டு மூன்று அச்சு எப்படியும் வெளிறித்தான் வரும், புதுத் தகடு கொஞ்சம் மையைத் தானே குடிக்கும். அவற்றைச் சாதாரணத் தாளில் எடுத்துவிட்டு, நல்ல தாளை அதற்குப் பிறகு தொடுங்கள்.

அச்செடுப்பது

கையை ஒருமுறை கழுவிவிட்டுத் தாளைத் தொடுங்கள். தகட்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, அதன் ஓரங்களையும் அச்சுத்தாள் வரவேண்டிய ஓரங்களையும் முன்பே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தாளின் ஒரு ஓரத்தைக் குறியில் பொருத்தி, மெதுவாக இறக்குங்கள். இறக்கிய பிறகு நகர்த்தக் கூடாது.

மேலே பட்டர் பேப்பர் போட்டு, முதலில் உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தடவுங்கள். தாள் ஒட்டிக்கொள்ளும். பிறகு அகப்பையின் முதுகால் சின்னச் சின்ன வட்டங்களாக அழுத்தித் தேயுங்கள். பூரிக்கட்டையை உருட்டலாமா என்று கேட்பார்கள். தாள் நகர்ந்துவிடும், வேண்டாம். மெல்லிய தாளில் தேய்த்த இடம் பின்னாலேயே நிழலாகத் தெரியும், எங்கே விட்டுப்போனது என்று பார்த்துப் பார்த்துத் தேய்க்கலாம். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளிறி இருந்தால் மறுபடி இறக்கித் தேய்க்கலாம். எதிர் மூலையை ஒரு கை அழுத்திப் பிடித்திருந்தால் தாள் தன் இடத்தை விட்டுப் போகாது.

அச்சுகளைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். எண்ணெய் மை காய இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம், மழைக்காலத்தில் இன்னும் கூட ஆகும். காயாததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பின்பக்கம் அழுக்காகிவிடும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் தேவையில்லை. கண்ணாடியிலும் ரோலரிலும் உள்ள மையைப் பழைய தாளால் துடைத்துவிட்டு, சமையல் எண்ணெய் கொஞ்சம் விட்டுத் துணியால் துடையுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர். லினோவைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், பின்னாலிருக்கும் சணல் உப்பிவிடும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: ஆளி விதை எண்ணெய் மை படிந்த துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் குவிக்கக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும், குவியலுக்குள் அந்த வெப்பம் அடைபட்டுத் தானாகவே தீப்பற்ற முடியும். துணிகளைத் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

இரண்டாவது நிறம்

கறுப்பு வெள்ளையில் கை படிந்ததும் நிறத்தில் ஆசை வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு வெட்டலாம். அல்லது ஒரே தகட்டில் முதல் நிறத்தை எல்லாத் தாளிலும் எடுத்துவிட்டு, அந்த நிறமாகவே இருக்க வேண்டிய இடங்களை வெட்டி எறிந்து, அதே தகட்டால் அடுத்த நிறத்தை மேலே போடலாம். பிக்காசோ 1950களின் இறுதியில் தெற்குப் பிரான்ஸில் வல்லோரியில், ஹிடால்கோ அர்னேரா என்ற அச்சாளரோடு சேர்ந்து இந்த இரண்டாவது முறையில் மூழ்கிப்போனார். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடியுங்கள். ஒருமுறை வெட்டினால் திரும்பிப் போக வழி கிடையாது. அதனால் 10 அச்சு வேண்டுமென்றால் 15 தாளில் தொடங்குங்கள். அச்சகத்தார் சொல்வதுபோல ‘ரிஜிஸ்டர்’ தப்பும், அதாவது ஒரு நிறம் மற்றதன்மேல் சரியாகப் பொருந்தாமல் விலகும் தாள்களை வழியில் கழித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். தகடும் தாளும் ஒவ்வொரு முறையும் ஒரே மூலையில் முட்டும்படி அட்டையில் எல் வடிவத் தடுப்பு ஒட்டி வைத்தால் அந்தக் கழிவு பாதியாகக் குறையும்.

அச்சு காய்ந்ததும் படத்தின் கீழே பென்சிலால் இடப்பக்கம் எண், நடுவே தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. 3/20 என்றால் இருபதில் மூன்றாவது. எடுத்த எண்ணிக்கையை விட அதிகமாக மறுபடி எடுப்பதில்லை என்ற வாக்கும் அதில் அடக்கம், அதை மதியுங்கள்.

வகுப்பின் கடைசி நாளில் எல்லோரும் நல்ல அச்சைத்தான் காட்டுவார்கள். நீங்கள் வெளிறியதையும், மை அடைத்ததையும், நல்லதையும் சேர்த்து வரிசையாகக் காட்டுங்கள். ஆசிரியர் சொல்வது அதில்தான் பயன்படும். பிறகு பெரிய அளவில் செய்ய இயந்திரம் வேண்டுமென்று தோன்றினால், சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமி மையத்தில் அச்சோவியக் கூடம் இருக்கிறது, போய் விசாரியுங்கள். போகும்போது வீட்டில் கையால் எடுத்த அச்சுகளையும் கொண்டுபோங்கள். எந்த இயந்திரத்தில் எவ்வளவு அழுத்தம் தேவைப்படும் என்று அங்கே இருப்பவர்கள் அவற்றைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.